பறிக்குள் விழாத பயன்

காக்கா ஆழிக்கு வக்காலத்து வாங்குவோருக்கு ஓர் எதிர்வினை

பொன்னேரியில் அண்மையில் ஒரு கூட்டம். தொழில் வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் என்பது தலைப்பு. நன்கு படித்தவர், நயமாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் எழுந்து காக்கா ஆழியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எண்ணூர்க் கழியிலும் கொசஸ்தலை ஆற்றிலும் பரவி, பழவேற்காடு வரை வந்துவிட்ட அந்தக் கறுப்புச் சிப்பியைக் குறித்து மீனவர்கள் எழுப்பும் குரல் வெறும் மிகை என்பது அவருடைய வாதம். முடித்ததும் பலத்த கைத்தட்டல். அந்த அறையில் கழியில் இறங்கிப் பிழைக்கிறவர் ஒருவர்கூட இல்லை.

அவர் பெயர் இங்கே தேவையில்லை. அவர் சொன்னதை வேறு பலரும் சொல்கிறார்கள். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அவருடைய வாதங்கள் ஐந்து. ஒன்று, மிளகாயும் தக்காளியும் அயல்நாட்டிலிருந்து வந்தவைதாம். அவற்றை ஏற்றுக்கொண்ட நாம் ஓர் ஆழியை மட்டும் ஏன் வெறுக்க வேண்டும்? இரண்டு, ஆழி தண்ணீரை வடிகட்டித் தூய்மை செய்கிறது. மூன்று, அதை அள்ளிக் கோழித் தீவனமாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றினால் மீனவருக்கே வருமானம். நான்கு, மீன் குறைந்ததற்கு உண்மைக் காரணம் மாசு. ஆழியின் மேல் பழி போடுகிறார்கள். ஐந்து, கொஞ்ச காலம் பொறுத்தால் இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்.

ஐந்துமே தவறு. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்வதற்கு முன், அந்த அரை மணி நேரப் பேச்சில் இடம்பெறாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காட்டில் தண்ணீர் வற்றும் நேரத்தில் இருளர் பெண்கள் கழியில் இறங்குவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிப் போவார்கள். கலங்கிய தண்ணீரில் கண் உதவாது, விரல்தான் பார்க்கும். சேற்றுக்குள் பதுங்கிய இறால் விரலில் பட்டுத் துள்ளுவதற்குள் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். முதலீடு என்று எதுவும் இல்லாத தொழில் இது. சேறு மென்மையாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்தக் கூட்டத்துக்கு மறுவாரம் அங்கே போயிருந்தேன். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா கரையேறி வந்து, கேட்காமலேயே என் முன்னால் கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகளிலும் உள்ளங்கை ஓரத்திலும் பிளேடால் கீறியது போலக் கோடுகள். சில ஆறியிருந்தன, சில அன்றைக்குப் பட்டவை. “கைய வுட்டா எறா துள்ளணும் தம்பி. இப்ப ஓடுதான் கீறுது. ஒரு கை வச்ச எடத்துல மறு கைய வைக்கவே பயமா கீது” என்றார். உப்புத் தண்ணீரில் அந்தக் கீறல் எரியாதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பறியை உதறினார்.

முழங்கால் தண்ணீரில் நானும் இறங்கிக் கையை விட்டேன். சேறு தட்டுப்படவில்லை. சொரசொரவென்று ஒரு விரிப்பு. இழுத்தால் பாய் மாதிரி மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. ஒவ்வோர் ஆழியும் தன் உடலிலிருந்து மெல்லிய நார்களை விட்டுப் பக்கத்து ஆழியைப் பற்றிக்கொள்கிறது. அந்த நார்களுக்கு நடுவே சேறு சிக்கி இறுகிவிடுகிறது. உள்ளங்கை அளவுத் துண்டில் எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியும் எண்ணி முடியவில்லை. அடியில் இருந்த மண் கன்னங்கரேலென்று அழுகல் நாற்றம் அடித்தது. இறால் பகலில் புதைந்து கிடக்க வேண்டிய மண் அது. சிமெண்டுத் தரையில் எந்த இறால் புதையும்?

இனி வாதங்களுக்கு வருவோம்.

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை என்பது உண்மை. காக்கா ஆழியும் அதே பக்கத்திலிருந்து வந்ததுதான். அது தென், மத்திய அமெரிக்கக் கரைகளுக்கு உரியது. அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. ஆனால் ஊர் ஒன்றானால் குணமும் ஒன்றாகிவிடுமா? மிளகாயை நாம் விதைத்தோம். எங்கே விதைப்பது, எவ்வளவு விதைப்பது, எப்போது பிடுங்குவது என்பதை நம் கை முடிவு செய்தது. ஒரு வாரம் தண்ணீர் விடாவிட்டால் செடி வாடிவிடும். வரப்பைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வயல் நெல்லை மூடிய மிளகாய்ச் செடியை யாராவது பார்த்ததுண்டா? காக்கா ஆழியை யாரும் விதைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. கிட்டத்தட்ட நன்னீரிலும் வாழும். கடல் நீரைவிட உப்பு ஏறிய நீரிலும் வாழும். மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் கடுங்கரிப்பாகவும் மாறும் நம் கழி, மற்ற உயிர்களுக்குச் சோதனை. காக்கா ஆழிக்கோ அது சொந்த வீடு. பிடுங்க நினைத்தாலும் பிடுங்க முடியாத இதை மிளகாய்ச் செடியோடு ஒப்பிடுவது வாதத்தில் சேராது. கேட்பவரை யோசிக்கவிடாமல் செய்யும் தந்திரம் அது.

வந்த ஊரைப் பார்த்து உயிர்களை எடைபோடாதீர்கள் என்று 2011இல் மார்க் டேவிஸும் வேறு 18 சூழலியலாளர்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதையும் பொன்னேரிப் பேச்சாளர் தம் துணைக்கு அழைத்தார். ஆனால் அவர்கள் சொன்னதன் மறுபாதியைச் சொல்லாமல் விட்டார். ஓர் உயிர் விளைவிப்பது நன்மையா தீமையா என்று பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் அந்த மறுபாதி. அந்த அளவுகோலையே நான் எடுத்துக்கொள்கிறேன். உலக அளவில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் ஐபிபெஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பினர். 2023 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட அறிக்கைப்படி மனிதர்களால் இடம்பெயர்ந்த அயல் உயிரினங்கள் 37,000க்கு மேல். அவற்றில் கேடு செய்பவை என்று உறுதியானவை 3,500க்கு மேல். பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆக, வந்ததையெல்லாம் யாரும் வெறுக்கவில்லை. கேடு செய்பவற்றால் 2019இல் மட்டும் ஆன இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல். இயற்கை மக்களுக்குத் தரும் பயன்களில் இவை உண்டாக்கியதாகப் பதிவான விளைவுகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு தீங்கானவை. அதிலும் அதிகம் அடிபட்டது உணவு. அறிக்கையை வெளியிட்டபோது அவர்கள் எடுத்துக்காட்டிய நாடுகளில் இந்தியாவும் உண்டு. இங்குள்ள மீன்வளத்தைக் கெடுத்த கரீபியன் போலி ஆழியை, அதாவது காக்கா ஆழிக்கு முன்பே கப்பலேறி வந்த இன்னொரு சிப்பியை, அவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். விளைவைப் பார் என்றவர்களைத் துணைக்கு அழைத்தவர், விளைவைப் பார்த்தவர்கள் எழுதியதைப் படிக்கவில்லை.

வடிகட்டும் வாதம் இரண்டாவது. ஆழி தண்ணீரை வடிகட்டும், மறுப்பில்லை. நம் கழியில் காலங்காலமாக இருக்கும் மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் கற்சிப்பியும் வடிகட்டத்தான் செய்கின்றன. வடிகட்டுவது என்றால் தண்ணீரிலிருந்து எதை எடுக்கிறது? கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை. மட்டிக்கும் மீன்குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் அதுதான் சோறு. பந்தியில் உட்கார்ந்த ஒருவன் எல்லோர் இலையிலிருந்தும் வழித்துத் தின்றுவிட்டு, இலையைச் சுத்தமாக்கினேன் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோமா?

அந்தத் தண்ணீரில் இருப்பது மிதவை உயிர் மட்டுமா? வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் பல ஆண்டுகளாகக் கொசஸ்தலையில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வழிந்த எண்ணெய் எண்ணூர்க் கழி முழுவதும் படர்ந்து அலையாத்தி மரங்களில் அப்பிக்கொண்டதை நாடே பார்த்தது. நஞ்சு கலந்த நீரை வடிகட்டும் சிப்பி அந்த நஞ்சை அழிப்பதில்லை. தன் சதைக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கடலோரங்களில் மாசை அளப்பதற்கே உலகெங்கும் ஆழிகளின் சதையைத்தான் சோதிக்கிறார்கள்.

இதை அறிந்த பிறகு மூன்றாவது வாதத்தைக் கேளுங்கள். அதை அள்ளிக் கோழிக்குப் போடலாமாம். உலோகமும் எண்ணெயும் ஊறிய சதையைக் கோழிக்குக் கொடுத்து, அந்த முட்டையைப் பொன்னேரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறார். சோதித்துப் பார்த்த பிறகுதான் என்றாவது சொன்னாரா? அந்தச் சொல் அவர் பேச்சில் இல்லை.

சுண்ணாம்பு வாதம் அதைவிட ஆபத்தானது. ஒரு கேட்டைத் தொழிலாக்கினால் அந்தக் கேடு நீடிப்பதில் ஆதாயம் காண்பவர்கள் உருவாகிவிடுவார்கள். இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் கண்முன் நிற்கிறது சீமைக்கருவேலம். 1870களில் விறகுக்கும் வறட்சிக்கும் வரம் என்று சொல்லித்தான் அதை இந்த மண்ணில் ஊன்றினார்கள். குஜராத்தின் பன்னி புல்வெளியில் 1960களில் உப்பு நிலம் பரவுவதைத் தடுக்கப் போகிறோம் என்று விதைத்தார்கள். இன்று அங்குள்ள மால்தாரி கால்நடை வளர்ப்போர் அதைப் பைத்தியக்காரக் கருவேலம் என்று அழைக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. இராமநாதபுரம் சீமையில் கரிமூட்டம் பலருக்குப் பிழைப்பானது. அதனாலேயே மரத்தை வெட்டச் சொன்னால் அந்தப் பிழைப்பு போகுமே என்ற கேள்வி இன்று குறுக்கே நிற்கிறது. 2022இல் தமிழக அரசு கேடு செய்யும் அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது. வரம் என்று கொண்டுவந்ததை அகற்ற ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு கொள்கை! காக்கா ஆழியிலும் அதே வழியில் போகச் சொல்கிறவர், வரலாற்றிலிருந்து ஒரு பாடம்கூடக் கற்கவில்லை.

வருமானம் என்கிறார்களே, அது யாருக்கு? இறாலைப் பறிக்குள் போடும் பெண்ணுக்கு வியாபாரி அன்றே காசு கொடுக்கிறார். பழவேற்காட்டு இறாலும் நண்டும் பொன்னேரிச் சந்தைக்கு வந்தால் கூடை தரையில் பட்டவுடன் விற்றுவிடும். என் அம்மா அந்தக் கூடைகளில் பேரம் பேசி வாங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆழி ஓட்டை மூட்டை கட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு விற்றால் லாரிக்காரருக்கும் சூளைக்காரருக்கும் போக அந்தப் பெண்ணின் கைக்கு என்ன வரும்? விற்காத நாளில் இறால் குழம்பாகும். ஓடு என்னவாகும்?

பணத்தில் அளக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்களிடையே பாடு என்றொரு முறை உண்டு. இறால் பிடிக்க ஏற்ற இடங்கள் குறைவு. அதனால் உரிமையுள்ள தலைக்கட்டுகள் முறை வைத்து, இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு என்று மாற்றி மாற்றி வலை கட்டுகிறார்கள். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பதற்கு அவர்களாகவே உண்டாக்கிய நீதி அது. எல்லா இடத்திலும் ஏதோ விளையும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது அந்த முறை. ஓரிடத்தின் அடிமண்ணை ஆழி மூடிவிட்டால், அன்றைய முறை யாருக்கு வருகிறதோ அவர் வெறுங்கையோடு திரும்புவார். இரண்டு இடம், மூன்று இடம் என்று அது பரவினால் முறையே சண்டையாகும். இயற்கை நமக்குத் தரும் பயன் என்றால் எடையும் விலையும் மட்டும்தானா? ஒரு குப்பம் அடித்துக்கொள்ளாமல் வாழ வழி செய்ததும் அந்தச் சேறுதான்.

நான்காவது வாதம், குற்றம் மாசினுடையது என்பது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது அதிகம் ஏமாற்றுகிறது. சாம்பல், எண்ணெய், சுடுநீர், ஆக்கிரமிப்பு எல்லாம் கழியைக் கொன்றுகொண்டிருக்கின்றன. மீனவர்கள்தான் அதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். காலில் புண் இருப்பவனுக்குக் காய்ச்சலும் வந்தால், புண் இருக்கிறதே, காய்ச்சலுக்கு மருந்து எதற்கு என்று எந்த வைத்தியரும் கேட்க மாட்டார். நலிந்த கழியில்தான் வந்தேறி வேகமாகக் கால் ஊன்றுகிறது. உள்ளூர் மட்டி சாகும் தண்ணீரில் காக்கா ஆழி பெருகுகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். அமெரிக்கக் கரையின் சிப்பி தானாக இங்கு வந்து சேராது. கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் நிலைகுலையாமல் இருக்க ஏற்றும் பாலாஸ்ட் தண்ணீரில் குஞ்சாக மிதந்தோதான் இது உலகைச் சுற்றியிருக்கிறது. 2014இல் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில், 2016இல் சிங்கப்பூரில், அடுத்துக் கேரளத்தில். எல்லாம் கப்பல் போகும் தடம். நிலக்கரிக் கப்பல் நிறைந்து வந்து காலியாகப் போகிறது, அது இங்கே தண்ணீரை இறக்காது, ஏற்றத்தான் செய்யும் என்று வாதிடுவோர் உண்டு. சரி, அடிப்பகுதியில் ஒட்டியிருப்பதை எங்கே விடுகிறது? கார் ஏற்ற வரும் கப்பலும் சரக்குப் பெட்டிக் கப்பலும் தூர்வாரும் கலமும் இந்தக் கரைக்கு வரவில்லையா? எந்தக் கப்பல் கொண்டுவந்தது என்று நான் விரல் நீட்டவில்லை. 2001இல் திறந்த காமராஜர் துறைமுகமும் அதை அடுத்து வந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருப்பது நம் பொன்னேரி வட்டத்துக் கரையில். அங்கிருந்து பழவேற்காடு வரை பக்கிங்காம் கால்வாயும் கழியும் ஒரே தண்ணீராகக் கிடக்கின்றன. வாசலில் காவல் வேண்டும் என்று கேட்பதற்கு இந்த நில அமைப்பே போதும். பாலாஸ்ட் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017 செப்டம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்து இல்லாத ஒன்றுக்கு உலக நாடுகள் கூடி உடன்படிக்கை போட்டனவா?

கடைசி வாதம், இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்பது. கேட்க இதமான பொய் இது. வட அமெரிக்கப் பேரேரிகளில் வரிக்குதிரை ஆழி 1988இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் கப்பல் தண்ணீரில் வந்ததே. அங்குள்ள நாடுகள் பணத்துக்கும் ஆய்வுக்கும் பஞ்சமில்லாதவை. இன்றுவரை அது போகவில்லை. குடிநீர்க் குழாய்களிலும் மின் நிலையக் குழாய்களிலும் அடைத்துக்கொண்டு இன்னும் பணத்தைத் தின்கிறது. மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999 மார்ச்சில் படகுத்துறை ஒன்றில் அதே கரீபியன் போலி ஆழி கண்ணில் பட்டது. இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் உட்காரவில்லை. துறைகளை மூடினார்கள், மருந்திட்டார்கள், ஏறக்குறைய ஒரே மாதத்தில் ஒழித்தார்கள். மதகு போட்டு அடைக்கக்கூடிய துறை அது. நம் கழியை அப்படி அடைக்கவும் முடியாது, மருந்து கொட்டவும் கூடாது. ஆனால் அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாமல் போனது மதகு மட்டும்தானா? கண்டவுடன் எழுந்து ஓடிய அக்கறையும் நம்மிடம் இல்லையே.

நம்மிடம் கண்டவர்கள் இருந்தார்கள். காக்கை நிறத்தில் இருக்கும் இதற்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டுப் பேசியவர்கள் மீனவர்கள்தாம். கேரளத்தில் பிஜு குமாரும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் அறிவியல் இதழில் எழுதியபோது, அஷ்டமுடி ஏரி மீனவரின் பிழைப்பை இது பாதிக்குமா என்ற கேள்வியைக் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தார்கள். அந்த அஷ்டமுடி, தன் மட்டிக்காக 2014இல் நாட்டிலேயே முதன்முதலாக, வளம் குன்றாத மீன்பிடிப்புக்கான பன்னாட்டு எம்எஸ்சி சான்று பெற்ற ஏரி. மேற்குக் கரையில் அடித்த அந்த மணி நமக்குக் கேட்கவில்லை. நம் கரையில் மீனவர்கள் முறையிட்டு, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகும், இதெல்லாம் மிகை என்று மேடையில் பேச ஆள் இருக்கிறார்கள், கைதட்டவும் ஆள் இருக்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது தெளிவு. இந்தக் கரைக்கு வரும் கப்பல்களின் அடிப்பகுதியும் பாலாஸ்ட் தண்ணீரும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகளை ஊர் பார்க்க வேண்டும். ஆழி எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை மாதந்தோறும் அளக்க வேண்டும். அந்த வேலையைக் கழியை விரலால் அறிந்தவர்களுக்கே கூலியோடு கொடுக்க வேண்டும். பெரிய எந்திரத்தால் கிளறினால் சிதறும் துண்டுகள் வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே இறால் தங்கும் இடங்களையும் பாடு முறையில் வலை கட்டும் இடங்களையும் முதலில் தேர்ந்து, கவனமாக அகற்ற வேண்டும். அகற்றியதைக் கழிக்கரையில் கொட்டக் கூடாது. இதற்கான செலவைக் கப்பல் போக்குவரத்தால் ஆதாயம் பெறுவோர் ஏற்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. அது மீண்டும் வருமானால், கூடுதலாக வரும் ஒவ்வொரு கப்பலோடும் என்ன வரும் என்ற கேள்விக்கு முதலில் பதில் வரட்டும்.

அன்று அந்த அம்மா மூன்று மணி நேரம் தண்ணீரில் இருந்தார். கரையில் பறியைக் கவிழ்த்தபோது விழுந்த இறால் என் இரண்டு கைகளுக்குள் அடங்கும். அதில் கொஞ்சத்தை வீட்டுக் குழம்புக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டார். மீதியை விற்கப் போனார்.

பொன்னேரியில் அடுத்த கூட்டம் நடத்துகிறவர்கள் அவரை அழைக்கட்டும். முதல் பேச்சு அவருடையதாக இருக்கட்டும்.